முகமூடியைக் கொஞ்சம் திருப்பி வைங்க: ஒல்மெக் கல்முகங்களை வெச்சிருக்கிற மியூசியங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நியூயார்க், லண்டன், பாஸ்டன், வாஷிங்டன்னு பல ஊர்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒல்மெக் முகமூடிகளை நிக்க வெச்சிருக்கிற கியூரேட்டர்களுக்கும், அவங்களுக்கு மேல உக்காந்து கையெழுத்துப் போடுற டிரஸ்டிகளுக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். நான் தொல்லியல் படிச்ச ஆள் கிடையாது. ராத்திரி வேலை முடிஞ்சதும் உங்க ஆன்லைன் கலெக்‌ஷனைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒவ்வொரு போட்டோவா ஜூம் பண்ணிப் பார்க்கிற கேஸ். அதனால உங்க லேபிளை எல்லாம் வரி விடாம படிச்சிருக்கேன்.

அந்த லேபிள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சு. முகமூடி, ஜேடைட் (ஜேடுங்கிற பச்சைக்கல்லுல ஒரு வகை), கி.மு. இத்தனையில இருந்து இத்தனை வரைக்கும், மெக்சிகோ, உயரம் இத்தனை சென்டிமீட்டர். கீழ ரெண்டு மூணு வரி விளக்கம், அதுல சடங்குக்குப் பயன்பட்டிருக்கலாம்னு ஒரு வாக்கியம். என் புகார் அந்த ஒரு வாக்கியத்து மேலதான். என்ன சடங்கு, யாரு பண்ணினது, எங்க வெச்சுப் பண்ணினது, உயிரோட இருந்தவன் கட்டிக்கிட்டானா இல்ல செத்தவனுக்குக் கட்டி விட்டாங்களா, ஒரே ஒரு தடவையா இல்ல வருஷா வருஷமா, எதுக்குமே பதில் கிடையாது. ஏன் பதில் இல்லைங்கிறது உங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா அதை மட்டும் லேபிள்ல போட மாட்டேங்கிறீங்க. இதைத் தோண்டினவன் விக்கிறதுக்காகத் தோண்டினவன், எங்க தோண்டினேன்னு எழுதி வைக்கிறது அவன் பொழப்புக்கே ஆகாது.

இதைத் தமிழ்ல எழுதுறதால கூட சேர்ந்து படிக்கிற நம்ம ஆளுங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடுறேன். ஒல்மெக்னா மெக்சிகோ வளைகுடாக் கரையில, இன்னைக்கு வெராக்ரூஸ், தபாஸ்கோன்னு சொல்ற மாநிலங்கள்ல, ஆறும் சதுப்பு நிலமும் மழையுமா இருக்கிற பூமியில சுமாரா கி.மு. 1200ல இருந்து கி.மு. 400 வரைக்கும் வாழ்ந்தவங்க. முதல்ல சான் லொரென்சோ பெரிய ஊரு, அது படுத்ததுக்கு அப்புறம் லா வென்டா. பாசால்ட் பாறையில செஞ்ச ராட்சசத் தலைகள் போட்டோ எங்கயாவது பார்த்திருப்பீங்க, இதுவரைக்கும் 17 கிடைச்சிருக்கு, அது இவங்க வேலைதான். ஸ்பானிஷ்காரங்க வர்றப்ப மெக்சிகோவை ஆண்டுக்கிட்டிருந்த அஸ்டெக்காரங்க எல்லாம் இவங்களுக்கு ரொம்ப ரொம்பப் பின்னாடி வந்தவங்க. இவங்க நம்மால படிக்க முடியிற மாதிரி எதையும் எழுதி வெச்சிட்டுப் போகல, அதனால சடங்கு என்னன்னு தெரிஞ்சுக்க முக்கியமான வழி, பொருள் மண்ணுக்குள்ள எது பக்கத்துல, எந்தப் பக்கம் பார்த்து, எது மேல கிடந்ததுன்னு பார்க்கிறதுதான். கொள்ளைக்காரன் மண்வெட்டி போட்டதும் முதல்ல போறது அதுதான்.

இப்ப உங்க முகமூடிக்கு வர்றேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கிற ஜேடைட் முகம் 17 சென்டிமீட்டர். பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கிற கரும்பச்சை சர்பென்டைன் கல் முகம் 13 சென்டிமீட்டர், வளர்ந்த ஒரு ஆளோட மூஞ்சியை மறைக்கவே பத்தாது. அப்போ எவன் மூஞ்சியிலயும் இது ஏறல. நெஞ்சுல தொங்கினதா, தலைப்பாகையில கட்டினதா, நம்ம ஊர்ல சாமிக்குக் கவசம் சாத்துற மாதிரி ஒரு மரச்சிலைக்குச் சாத்தினதா? இதுக்குத் துப்பு இருக்கிற இடம் ஓரமும் முதுகுப்பக்கமும்தான். கயிறு போற ஓட்டை எங்க இருக்கு, மேல ரெண்டா பக்கத்துல ரெண்டா, ஓட்டை விளிம்பு கயிறு உராஞ்சு தேஞ்சிருக்கா, பின்பக்கம் குடைஞ்சு எடுத்திருக்கா தட்டையா விட்டிருக்கா, கண்ணு ஊடுருவிப் போகுதா இல்ல பள்ளம் மட்டும்தானா. நீங்க என்னடான்னா முதுகைச் சுவர் பக்கம் திருப்பி வெச்சு மேல இருந்து ஒரு மஞ்ச லைட்டைப் போட்டு, உள்ள வர்றவனை ஆஹான்னு சொல்ல வெச்சு அனுப்புறீங்க.

முன்பக்கத்தையாவது முழுசா சொல்றீங்களான்னா அதுவும் இல்ல. ஜேடைட் எவ்வளவு கெட்டியான கல்லுன்னு உங்களுக்குத் தெரியும், அந்தக் கல்லு குவாத்தமாலா மொத்தாகுவா பள்ளத்தாக்குல இருந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரணும், இவங்க கையில இரும்பு கிடையாது, செம்பு கிடையாது. மணலும் தண்ணியும் ஊத்தி ஊத்திக் கயித்தால அறுத்து, நாணல் மாதிரி உள்ளீடு இல்லாத குச்சியை உருட்டி உருட்டித் துளை போட்டு, திரும்பத் தேய்ச்சுத் தேய்ச்சு மழமழன்னு ஆக்கியிருக்காங்க. வாயோட ரெண்டு ஓரத்துலயும் மூக்கு ஓட்டையிலயும் பெரிசாக்கிப் பார்த்தா அந்தத் துளை போட்ட வட்டம் அப்படியே தெரியிற முகங்கள் இருக்கு. கீழ் நோக்கி வளைஞ்ச உதடு, கொஞ்சம் திறந்த வாய், ஏதோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி. ஜாகுவார் வாய்னு ஒரு காலத்துல எல்லாத்துக்கும் ஒரே விளக்கமா சொன்னாங்க, அப்புறம் சோள தெய்வம், மழை தெய்வம்னு பிரிச்சுப் பார்க்க ஆரம்பிச்சாங்க. இந்தச் சண்டையும் முடியாம இழுக்குதுன்னா அதுக்கும் காரணம் நான் மேல சொன்னதுதான்.

சடங்கு பத்தி எதுவுமே தெரியாதுன்னு நான் சொல்லல, தெரியும், ஆனா உங்க பெட்டியில இருந்து தெரியல. இருக்கிற இடத்துலயே இருந்த பொருள்ல இருந்துதான் தெரிஞ்சிருக்கு. மெக்சிகோவோட கெர்ரேரோ மாநிலத்துல ஓக்ஸ்டோடிட்லான் குகை வாசலுக்கு மேல ஒரு ஓவியம் இருக்கு. ராட்சச மூஞ்சி மாதிரி செஞ்ச ஒரு சிம்மாசனத்துல ஒருத்தர் உக்காந்திருக்கார், உடம்பு முழுக்க இறகு, முகத்துல பறவை முகமூடி, ஆனா வரைஞ்சவன் அந்த முகமூடியை ஊடுருவி உள்ள இருக்கிற மனுச மூஞ்சியையும் சேர்த்து வரைஞ்சிருக்கான். முகமூடி போட்டாலும் உள்ள யாருன்னு தெரியணும்னு நினைச்சிருக்கான் பாருங்க. மொரேலோஸ் மாநிலத்துல சால்காட்சிங்கோ மலையில ஒரு பாறைச் சிற்பம் இருக்கு, அதுல நடந்து வர்றவங்க பறவை மூக்கு முகமூடி போட்டிருக்காங்க, கையைக் கட்டிக் கீழ உக்கார வெச்ச ஆளுக்கோ முகமூடி தலைக்குப் பின்பக்கம் திரும்பியிருக்கு. ஒரே காட்சிக்குள்ள யாருக்கு முகமூடி முன்னால, யாருக்குப் பின்னால. உங்க ஹால்ல இருக்கிற மொத்த முகமூடியும் சேர்ந்து சொல்லாத விஷயத்தை இந்த ஒரு பாறை சொல்லுது, ஏன்னா அது மலையிலயே இருக்கு, யாராலயும் தூக்கிட்டுப் போக முடியல.

மரமும் இருந்திருக்கு. கெர்ரேரோவுல கன்யோன் தெ லா மனோங்கிற இடத்துல இருந்து வந்த, பச்சைக்கல் பதிச்ச ஒரு மர முகமூடி நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்துல இருக்கு. அப்போ கூத்துலயும் ஊர்வலத்துலயும் மூஞ்சியில கட்டினது பெரும்பாலும் மரமாத்தான் இருந்திருக்கும், அந்த ஈர மண்ணுல அது மக்கிப் போச்சு, கல்லு மட்டும் மிஞ்சி நம்ம கண்ணுல படுதுன்னு எனக்குத் தோணுது.

மக்காத இடம் ஒண்ணு உண்டு, அதைப் பத்திக் கொஞ்சம் நின்னு பேசணும். வெராக்ரூஸ்ல எல் மனாதி, ஒரு குன்றோட அடிவாரத்துல இருக்கிற ஊத்து. 1980கள்ல ஊர்க்காரங்க மீன் வளர்க்கக் குளம் வெட்டும்போது சேத்துக்குள்ள இருந்து மரத்துல செஞ்ச தலைகள் வந்துச்சு. அவங்க அதை எவனுக்கும் விக்காம அரசாங்கத் தொல்லியல் நிறுவனத்துக்குச் சொல்லி விட்டாங்க. போன்சியானோ ஓர்டிஸும் மரியா தெல் கார்மென் ரோட்ரிகெஸும் பொறுமையா உக்காந்து தோண்டினாங்க. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின மரச்சிலைகள், இடுப்புக்கு மேல மட்டும், அதே கீழ் நோக்கின வாய், சிலதைச் செத்தவங்களைச் சுத்துற மாதிரி பாயில சுத்திப் படுக்க வெச்சிருக்காங்க. பக்கத்துல பச்சைக்கல் கோடரி, செங்காவி, ரப்பர் பந்து, உலகத்துலயே ரொம்பப் பழைய ரப்பர் பந்துகள்ல இதுவும் சேர்த்தி. கூடவே கைக்குழந்தைகளோட எலும்பு. படிச்சுட்டு ரெண்டு நாள் மனசே சரியில்ல, ஆனா சடங்குன்னா அப்படித்தான், உங்க லேபிள்ல இருக்கிற மாதிரி வழவழன்னு இருக்காது. அந்தத் தலைகள் தனித்தனியா சந்தைக்குப் போயிருந்தா ஒல்மெக் மரச்சிலை, மிக அரியதுன்னு ஒரு பெட்டிக்குள்ள நின்னிருக்கும். பாய் போயிருக்கும், பந்து போயிருக்கும், குழந்தை எலும்பை எவனும் எடுத்தே இருக்க மாட்டான்.

லா வென்டாவுல 4ம் காணிக்கைன்னு ஒண்ணு இருக்கு, நீங்க எல்லாரும் பாடமா படிச்சிருப்பீங்க. 1955ல ட்ரக்கர், ஹைசர், ஸ்குயர்னு மூணு தொல்லியல்காரங்க தோண்டினது. ஒரு ஜாண் உயரத்துல 16 சின்னச் சிலைகள், பின்னால சுவர் மாதிரி நட்டு வெச்ச 6 கல்கோடரிகள். பதினஞ்சு சிலை நல்ல பச்சைக்கல்லு, ஒண்ணு மட்டும் சொரசொரப்பான மட்டக் கல்லு, அந்த ஒருத்தன் கோடரிக்கு முதுகைக் கொடுத்து நிக்கிறான், மத்தவங்க அவனைச் சுத்தி. இதைச் செஞ்சு மண்ணைப் போட்டு மூடிட்டாங்க, மேல தளம் மேல தளமா போட்டாங்க. அப்புறம் பல வருஷம் கழிச்சு யாரோ அதே இடத்துக்கு நேர் மேல, கரெக்டா அந்தச் சிலைங்க தலை தெரியிற ஆழம் வரைக்கும் தோண்டி, இருக்கான்னு பார்த்துட்டு, ஒண்ணையும் தொடாம திரும்ப மூடியிருக்காங்க. நிரப்பின மண்ணோட நிறம் வேற, அதை வெச்சுத்தான் இது தெரிஞ்சது. எங்க புதைச்சோம்னு ஞாபகம் வெச்சிருந்தவங்க இருந்திருக்காங்க, சரி பார்க்கிறதும் சடங்குல ஒரு பாகமா இருந்திருக்கலாம். இத்தனையையும் சொன்னது ஜேடு இல்லைங்க, நிறம் மாறின ஒரு கை மண்ணு. இந்த 16 பேரும் திருட்டுல போயிருந்தா, 15 ஊர்ல நிக்கும் உருவம், ஜேட்னு தனித்தனி லேபிள் ஒட்டியிருப்பீங்க, அந்த மட்டக் கல்லுக்காரனை விலை போகாதுன்னு வித்தவனே தூக்கிப் போட்டிருப்பான்.

அதே ஊர்ல 485 சொச்சம் சர்பென்டைன் துண்டுகளைத் தரையில பதிச்சு ஒரு பெரிய முகம், கிட்டத்தட்ட ஒரு வீட்டு ஹால் அளவு, செஞ்ச கையோட மண்ணைக் கொட்டிப் புதைச்சுட்டாங்க. இது முகமே இல்ல, உலகத்தோட வரைபடம்னு படிக்கிறவங்களும் இருக்காங்க. எதுவா இருந்தாலும் யாரும் பார்க்கிறதுக்காகச் செய்யல. பளிச்னு லைட் போட்டுக் காட்டுற உங்க ஹாலுக்கு இதைவிட எதிரான ஒரு யோசனை இருக்க முடியுமா சொல்லுங்க.

இனிமேதான் எனக்கு வயித்தெரிச்சல். 1969ல வெராக்ரூஸ்ல அரோயோ பெஸ்கேரோங்கிற ஆத்துல மீன் பிடிக்கிறவங்க கையில கல்லுச் சாமான் தட்டுப்பட்டுச்சு. அப்புறம் என்ன, ஆள் ஆளுக்கு முங்கினாங்க. மனுச முகம் அளவுக்குக் கல் முகமூடிகள், நூத்துக்கணக்குல கோடரிகள், அள்ளி அள்ளி எடுத்தாங்க, புரோக்கருங்க வந்து நின்னாங்க. ஒல்மெக் முகமூடின்னு உலகம் இன்னைக்குக் கொண்டாடுறதுல நிறைய அந்த ஒரே ஆத்து மடுவுல இருந்து போனது. கொஞ்சம் வெராக்ரூஸ் தலைநகரான ஹாலாப்பாவுல இருக்கிற மியூசியத்துல நின்னுச்சு, மிச்சம் எல்லை தாண்டிடுச்சு. பின்னாடி தொல்லியல்காரங்க போய் முங்கினப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சது, அங்க மேல நல்ல தண்ணி, கீழ உப்புத் தண்ணி, ரெண்டும் சேர்ற இடம். அதனாலதான் அதைப் புனித இடமா நினைச்சு இத்தனையையும் தண்ணிக்குக் கொடுத்தாங்களோன்னு யோசிக்கிறாங்க. 2012ல கூட அங்க சோளக் கதிர் மாதிரி செதுக்கின ஒரு ஜேடைட் கிடைச்சது. அங்க இருந்து வந்த முகமூடி சிலது வெளுத்துப் போயிருக்கே, அது தண்ணிக்குள்ள கிடந்து வெளுத்ததா, போடுறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டினதா? ஒரே நாள்ல எல்லாத்தையும் போட்டாங்களா, தலைமுறை தலைமுறையா ஒவ்வொண்ணா போட்டாங்களா? ஒரு முகமூடிக்கு எத்தனை கோடரி? எது மேல எது கிடந்ததுன்னு பார்த்தவன் ஒருத்தன்கூட எழுதல, முடிஞ்சு போச்சு.

இதுக்கு நேர்மாறா ஒரு கதை. மெக்சிகோ சிட்டி நடுவுல அஸ்டெக் பெரிய கோயில் தெம்ப்ளோ மயோர், 1978ல அங்க தோண்ட ஆரம்பிச்சப்ப ஒரு காணிக்கைக் குழியில ஒரு ஒல்மெக் முகம் கிடைச்சது, வெறும் 10 சென்டிமீட்டர். அஸ்டெக்காரங்க அதைப் புதைச்சது 1470 வாக்குல, அப்பவே அந்த முகத்துக்கு ரெண்டாயிரம் வயசு தாண்டியாச்சு! தங்களுக்கு முன்னாடி யாரோ செஞ்சதுன்னு தெரிஞ்சு எடுத்து வெச்சு, திரும்ப ஒரு சடங்குல சாமிக்குக் கொடுத்திருக்காங்க. குழிக்குள்ள முறையா தோண்டி எடுத்ததால இது தெரியும். புரோக்கர் வழியா வந்திருந்தா ஒல்மெக், கி.மு. 800ன்னு ஒரு வரியோட அந்த ரெண்டாவது வாழ்க்கை காணாமப் போயிருக்கும்.

நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். நாங்க வாங்கலைன்னா இது அழிஞ்சிருக்கும், உலகத்துக்காகப் பாதுகாக்குறோம். சரிங்க. லாஸ் லிமாஸ்னு ஒரு கிராமத்துல 1965ல ரெண்டு பசங்க கொட்டை உடைக்க ஒரு வழவழப்பான கல்லைத் தேடி உக்காந்தாங்க, பார்த்தா அது மண்ணுக்குள்ள இருக்கிற பச்சைக்கல் சிலையோட தலை. ஒருத்தர் உக்காந்து மடியில துவண்டு கிடக்கிற குழந்தைத் தெய்வத்தை ஏந்தியிருக்கார், தோளுலயும் முட்டியிலயும் நாலு தெய்வ முகம் கீறியிருக்கு. ஊர்க்காரங்க அதை வீட்டுல பீடம் போட்டு மாதான்னு கும்பிட்டாங்க. ஒண்ணும் உடையல. மியூசியத்துக்குப் போனதுக்கு அப்புறம்தான் 1970ல திருடு போச்சு, அமெரிக்காவுல சான் அன்டோனியோவுல ஒரு மோட்டல்ல கிடைச்சது. அதனால பாதுகாப்புங்கிற பேச்சை இந்த விஷயத்துல கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இன்னொண்ணு, எங்க கிடைச்சதுன்னு தெரியாத பொருளை எல்லாம் சேர்த்து வெச்சுத்தான் ஒல்மெக் பாணின்னா இப்படின்னு படம் போடுறீங்க, அதைப் பார்த்துப் போலி செய்யிறவன் செய்யிறான், அந்தப் போலி உங்க படத்தோட ஒத்துப் போகுதுன்னு அசல் ஆகிடுது. 2021ல பாரிஸ்ல கிறிஸ்டீஸ் கம்பெனி மெக்சிகோ பழம்பொருளை ஏலம் விட்டப்ப மெக்சிகோ அரசாங்கம் எதிர்ப்பு தெரிவிச்சதோட, அதுல சில உருப்படி இப்பச் செஞ்சதுன்னும் சொன்னாங்க. ஏலம் நிக்கல.

எல்லாத்தையும் நாளைக்கே கப்பல் ஏத்துங்கன்னு நான் கேட்கல. தொல்பொருள் எல்லாம் நாட்டுச் சொத்துன்னு சொல்ற 1972 மெக்சிகோ சட்டத்துக்கு அப்புறம் வெளிய போனதுன்னு தெரிஞ்சா திருப்பிக் கொடுங்க, அதுல பேச்சுக்கே இடம் இல்ல. அதுக்கு முன்னாடி போனதுக்கும் வழி இருக்கு. சால்காட்சிங்கோவுல இருந்து 1960கள்லயே அமெரிக்கா போன அந்த ஒரு டன் பாறை முகம், வாயே ஒரு வாசலா திறந்திருக்கும், அந்த வாய்க்கு உள்பக்கம் அடியில தேஞ்சிருக்கு, அது வழியா ஆளோ பொருளோ புகுந்து போயிருக்கலாம்னு டேவிட் குரோவ்ங்கிற தொல்லியல்காரர் எழுதியிருக்கார், அது 2023ல மொரேலோஸுக்குத் திரும்பிடுச்சு. மீட்டது மன்ஹாட்டன் மாவட்ட வக்கீல் ஆபீஸோட தொல்பொருள் கடத்தல் பிரிவு, நம்ம கோயில் சிலைகள் பலதை மீட்டுக் கொடுத்ததும் அதே ஆபீஸ்தான், அதனால இந்தக் கதை தமிழ் ஆளுங்களுக்குப் புதுசில்ல.

நான் கேட்கிறது அதைவிடச் சின்னது, காசும் ஆகாது. லேபிள்ல ஒரு வரி சேருங்க: கிடைத்த இடம் தெரியாது, இந்த வருஷம் இந்த விதமா எங்ககிட்ட வந்தது, அதனால சடங்கு என்னன்னு சொல்ல முடியல. முகமூடியைத் திருப்பி வைங்க, இல்லாட்டிப் பின்னால ஒரு கண்ணாடியாவது வைங்க. வெப்சைட்ல முதுகு, ஓரம், ஓட்டை எல்லாத்தையும் கிட்டத்துல எடுத்துப் போடுங்க. இடுக்குல சாதிலிங்கமோ காவியோ ஒட்டிக்கிட்டு இருந்தா தயவு செஞ்சு பளபளப்புக்காகத் துடைச்சுடாதீங்க, அந்தச் சிவப்புப் பொடிதான் உங்ககிட்ட மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி. அரோயோ பெஸ்கேரோவுல இருந்து வந்ததுன்னு சந்தேகம் இருக்கிறதை எல்லாம், தனியார் கையில இருக்கிறதையும் கெஞ்சிக் கேட்டு, ஹாலாப்பாக்காரங்களோட சேர்ந்து ஒரே கேட்டலாக்கா போடுங்க, அளவும் எடையும் கல்லோட நிறமும் பக்கத்துல பக்கத்துல வந்தாலே எது எதோட ஜோடின்னு பாதி பிடிபட்டுடும். அதை முதல்ல ஸ்பானிஷ்ல போடுங்க, அந்த ஆத்தங்கரையில இன்னும் குடியிருக்கிறவங்க படிக்கட்டும், 1969ல முங்கினவங்க வீட்டுல யாருக்காவது இது இதுகூடத்தான் கிடந்ததுன்னு ஞாபகம் இருந்தாலும் இருக்கும்.

இப்படிக்கு,
உங்க லேபிளைப் படிக்கிற ஒருத்தன்